பதினெட்டாம் அழைப்பு

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உன் மாமாவின் முழங்கால் வலி மட்டும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது. நீயும் உன் மகள் வாலுவும் எப்படி இருக்கிறீர்கள்? அவளுக்கு விழுந்த பல் முளைத்துவிட்டதா?

இதையெல்லாம் போனில் கேட்டிருப்பேன். நீதான் எடுப்பதில்லை. பகலெல்லாம் அடுத்தவர் அழைப்பை எடுக்கிறவனுக்கு வீட்டிலும் மணியடித்தால் எப்படி இருக்கும் என்று எனக்குப் புரிகிறது. சிட்டு போய் ஐந்து மாதமாகிறது. உன் மனைவி என்று எழுத வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அவள் சிட்டுதான். அதனால் திட்டாமல் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு வேலை விஷயமும் இருக்கிறது. உங்கள் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் நான்கு வருடப் பதிவேடு எங்கள் புள்ளிவிவர அலுவலகத்துக்கு வந்திருக்கிறது. உங்கள் வட்டாரத்திலிருந்து இரண்டு ஆஸ்பத்திரிகளும் ஒரே தூரம் என்பதும், யாருக்குச் சுமை அதிகம் என்று இரண்டும் அடித்துக்கொண்டதும் எனக்குத் தெரியும். கடைசியில், அன்றன்றைக்கு ஒற்றைப்படை எண்ணில் வரும் அழைப்பு பெரிய ஆஸ்பத்திரிக்கு, இரட்டைப்படை சின்னதுக்கு என்று முறை வைத்தார்களாமே. அந்த முறை எனக்குக் கிடைத்த புதையல். எந்த ஆஸ்பத்திரி அதிகம் பேரைக் காப்பாற்றுகிறது என்று அதை வைத்துத்தான் பார்க்கப்போகிறேன். சின்ன ஆஸ்பத்திரிக்கு அவசர நோயாளிகளை அனுப்பலாமா, கூடாதா என்று மேலிடம் அதைப் பார்த்து முடிவெடுக்கும்.

ஒன்றே ஒன்று சொல். முறை ஒழுங்காக நடக்கிறதா? யாராவது கை வைப்பதுண்டா?

வாலுவுக்கு முத்தம்.

உன் அக்கா

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. இங்கு இருவரும் சுகம். பல் முளைத்துவிட்டது, கொஞ்சம் கோணல். மாமாவை விசாரித்ததாகச் சொல்.

முறை என்றால் முறைதான். எண்ணைப் பார்த்துக் கம்ப்யூட்டரே ஆஸ்பத்திரியைச் சொல்லிவிடும். யாரும் கை வைப்பதில்லை.

சிட்டுவை அனுப்பியது சின்ன ஆஸ்பத்திரிக்கு. பெரியதுக்கு அனுப்பியிருந்தால் பிழைத்திருப்பாளா? உன் கணக்கு அதைச் சொல்லுமா? சொல்லும் என்றால் சீக்கிரம் போடு. எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

தம்பி

பிப்ரவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் சாப்பிடுகிறேன் என்றுதான் எழுதுவாய், அதனால் கேட்கவில்லை.

நீ கேட்டதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. கொஞ்சம் பொறுமையாகப் படி.

பெரிய ஆஸ்பத்திரியில் நூற்றுக்குப் பதினாலு பேர் இறக்கிறார்கள். சின்னதில் ஒன்பது. அப்படியானால் பெரியதுதான் ஆளைக் கொல்கிறதா? இல்லை. நிலைமை மோசமானால் சொந்தக்காரர்கள் டிரைவரிடம் சண்டை போட்டு வண்டியைப் பெரியதுக்குத் திருப்புகிறார்கள். சின்னதில் கைவிரித்த நோயாளிகளும் அங்கேதான் போகிறார்கள். ஆக, எந்த ஆஸ்பத்திரி என்பதே நோயின் கடுமையிலிருந்து பிறக்கிறது. கதைக்குள்ளிருந்தே வரும் இந்த மாதிரி விஷயத்தை நாங்கள் அகமாறி என்போம். வயது, ஆணா பெண்ணா, எந்த ஷிப்ட் என்பதெல்லாம் புறமாறி. அவை வெளியிலிருந்து வந்து உட்காருபவை, நோய் எவ்வளவு கடுமையானாலும் அவை மாறா.

அகமாறியை அப்படியே நம்பினால் கணக்கு பொய் சொல்லும். அதற்கு வெளியிலிருந்து ஒரு கருவி வேண்டும். அது ஆளைப் பெரிய ஆஸ்பத்திரிப் பக்கம் தள்ள வேண்டும், ஆனால் நோயின் கடுமையோடு அதற்கு ஒட்டும் கூடாது, உறவும் கூடாது. உங்கள் ஒற்றை இரட்டை முறைதான் அந்தக் கருவி. தனக்கு என்ன எண் விழப்போகிறது என்று எந்த நெஞ்சுவலிக்கும் தெரியாது. கணக்கு இரண்டு படி. முறை எத்தனை பேரைப் பெரியதுக்குத் தள்ளியது என்பது முதல் படி. அப்படித் தள்ளியதால் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பது இரண்டாம் படி.

இது கூட்டத்தைப் பற்றித்தான் சொல்லும், தம்பி. நெஞ்சுவலி, மயக்கம் என்று வந்த பதினோராயிரம் வரிகளில் சிட்டுவும் ஒரு வரி. அந்த ஒரு வரியைப் பற்றி என் கணக்குக்கு எதுவும் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்.

மறுபடியும் கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. முறையில் யாருடைய விருப்பமாவது கலந்தால் மொத்தக் கணக்கும் குப்பைதான். யாருமே கை வைப்பதில்லையே?

அக்கா

ஏப்ரல் 10

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். எழுத உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன்.

எங்கள் அறையை நீ பார்த்ததில்லை. ஜன்னல் கிடையாது. நான்கு வட்டாரத்துக்கு நான்கு மேசை. நம் வட்டாரத்து மேசை காலை ஷிப்டில் என்னுடையது. சிவப்பு விளக்கு எரிந்தால் எடுப்பேன். எங்கே, என்ன ஆச்சு, மூச்சு இருக்கிறதா. மூன்று கேள்விதான். பொத்தானை அழுத்தினால் எண் விழும், ஆஸ்பத்திரியின் பெயரும் வந்துவிடும். வண்டி கிளம்பும்.

அன்று காலை பதினொன்றே காலுக்கு எதிர்வீட்டு அம்மா பேசினார். எனக்குக் குரல் பிடிபடவில்லை. "தலை வலிக்குதுன்னு சொல்லிட்டு அப்படியே விழுந்துட்டாப்பா, பேச்சே இல்ல, சீக்கிரம் வாங்க" என்றார். முகவரி சொன்னார். கதவு எண்வரை கம்ப்யூட்டரில் தட்டி முடித்த பிறகுதான் அது என் வீடு என்று தெரிந்தது. அழைப்புக்கு விழுந்தது இருபதாம் எண். சின்ன ஆஸ்பத்திரி. அனுப்பினேன். அங்கே தலையை ஸ்கேன் எடுக்கிறவர் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆனது என்று பிறகு சொன்னார்கள். எனக்கு மாற்று ஆள் வரப் பன்னிரண்டரை ஆனது. அதற்குள் ஏழு அழைப்பு வந்தது. ஏழையும் எடுத்தேன். முகவரிகூட ஒன்றும் தப்பவில்லை.

முறையில் யாரும் கை வைப்பதில்லை. கணக்கைப் போடு.

வாலு உனக்கு ஒரு படம் வரைந்திருக்கிறாள். கூட வைத்திருக்கிறேன். அது பூனையாம்.

தம்பி

ஏப்ரல் 22

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்துவிட்டேன். பிரித்திருக்கக் கூடாது. கழிப்பறையில் போய் நின்றுகொண்டு அழுதேன். அந்த ஏழு அழைப்பைப் பற்றி நீ யாரிடமும் சொன்னதில்லை என்று நினைக்கிறேன்.

அதனால்தான் முதல் விடை வந்ததும் ஓடிவந்து எழுதுகிறேன். வித்தியாசம் இல்லை. முறையைக் கருவியாக வைத்துப் பார்த்தால் இரண்டு ஆஸ்பத்திரியும் ஒன்றுதான். பெரியதுக்கு அனுப்பினாலும் சின்னதுக்கு அனுப்பினாலும் பிழைக்கிறவர்கள் எண்ணிக்கை மாறவில்லை. ஒரு ஆளைப் பற்றிக் கணக்கு சொல்லாது என்று நான்தான் எழுதினேன். இருந்தாலும் சொல்கிறேன், உன் மேல் பிழை இல்லை. எங்கே அனுப்பியிருந்தாலும் அதேதான்.

பூனை அருமை. ஆறு கால் ஏன் என்று கேட்டுச் சொல்.

உன் அக்கா

ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று இரவு சாப்பிட்டுப் படுத்தவன் விடிந்துதான் எழுந்தேன். வாலு வந்து மூக்கைப் பிடித்து எழுப்பினாள். அவளுக்குப் பள்ளிக்கூடச் செருப்பு அறுந்து மூன்று வாரமாம். நான் கவனிக்கவே இல்லை. சாயங்காலம் போய் வாங்கினோம். திரும்பும்போது என் கையைப் பிடித்து ஊஞ்சலாடிக்கொண்டே வந்தாள். மற்ற இரண்டு கால்கள் பூனை ஓடும்போது வருமாம்.

அந்த விடையை அலுவலகத் தாளில் ஒரு பிரதி எடுத்து அனுப்ப முடியுமா? சும்மா வைத்துக்கொள்ளத்தான்.

மாமாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

அன்புடன் தம்பி

ஜூன் 16

அன்புள்ள தம்பிக்கு,

இருவரும் நலமா? இங்கே ஒருவிதமாகப் போகிறது. பிரதி அனுப்பவில்லையே என்று நினைத்திருப்பாய். காரணம் இருக்கிறது.

எங்கள் மேலதிகாரிக்குத் தசமத்தார் என்று பெயர் வைத்திருக்கிறோம். மூன்றாம் தசம இலக்கத்துக்காக ஆளின் உயிரை வாங்குவார். என் கணக்கைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஷிப்ட் வெளியிலேர்ந்து வர்ற மாறிதானே? அதை ரெண்டாம் படியில மட்டும் போட்டு, முதல் படியில ஏன் விட்டே? புறமாறி எதுவா இருந்தாலும் ரெண்டு படியிலயும் இருக்கணும். முதல் நாள் பாடம்மா இது!" என்று எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினார். அவர் சொன்னது சரி. திருத்தினேன். திருத்தும்போது, ஷிப்டைத் தனித்தனியாகவும் பார்த்துவிடுவோமே என்று பிரித்துப் போட்டேன்.

மதியம், இரவு இரண்டு ஷிப்டிலும் பெரிய ஆஸ்பத்திரி காப்பாற்றுகிறது. காலை ஷிப்டில் மட்டும் கொல்கிறது. ஒரே கட்டடம், அதே டாக்டர்கள்.

மூலப் பதிவேட்டுக்குத் திரும்பிப் போனேன். வேலை தொடங்கிய அன்றே நான் ஒரு காரியம் செய்திருந்தேன். சோதனை அழைப்பு என்று குறித்த வரிகளில் நோயாளி இல்லை, எனவே அத்தனையும் குப்பை என்று அழித்துவிட்டேன். இந்த வேலையில் இருக்கிற எல்லோரும் அதைத்தான் முதலில் செய்வோம். இப்போது அவற்றைத் திரும்ப எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மொத்தம் அறுநூற்றுத் தொண்ணூறு. அதில் அறுநூற்று நாற்பது காலை ஷிப்டில், உன் மேசையில். அந்த அறுநூற்று நாற்பதில் ஒன்றுகூட ஒற்றைப்படை இல்லை.

தம்பி, எனக்கு ஒரு வரி எழுது. திட்ட மாட்டேன்.

அக்கா

ஜூலை 20

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு மாதமாகிவிட்டது. சுகமா என்றாவது எழுது. எதிர்வீட்டு அம்மாவிடம் போனில் பேசினேன். நீ வேலைக்குப் போய் வருகிறாய், வாலு பள்ளிக்கூடம் போகிறாள், வீட்டில் சத்தமே இல்லை என்றார்.

ஆகஸ்ட் கடைசியில் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். பழைய விடையை அப்படியே கொடுத்தால், வித்தியாசமில்லை என்று எல்லா வட்டாரத்திலும் இதே முறையை வைத்துவிடுவார்கள். நான் என்ன செய்யட்டும், நீயே சொல்.

அக்கா

ஆகஸ்ட் 8

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு சுகம். நான் இருக்கிறேன்.

சோதனை அழைப்பு நான் போட்டதுதான். விளக்கு சரியாக எரிகிறதா, எண் விழுகிறதா என்று பார்க்க வைத்த பொத்தான் அது. அழுத்தினால் ஒரு எண் செலவாகிவிடும். மூன்று விநாடி வேலை.

பதினொரு வருடமாகக் கேட்கிற காது, அக்கா. கத்திக் கூப்பாடு போடுகிறவர்கள் வீட்டில் பெரும்பாலும் ஆள் பிழைத்துக்கொள்வார். குரல் தணிந்து, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் பேசினால் அங்கே நிலைமை மோசம். அப்படி ஒரு குரல் வந்து, விழப்போகிற எண் இரட்டைப்படையாக இருந்தால், சோதனை அழைப்பைப் போட்டு அந்த எண்ணை எரித்துவிடுவேன். அந்த ஆளுக்கு அடுத்த எண் விழும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவார். இதில் எனக்கு ஒரு லாபமும் இல்லை. யாரும் கேட்டதும் இல்லை.

சிட்டுவுக்கு ஏன் எரிக்கவில்லை என்று நீ கேட்காமல் விட்டாய். ஊரில் யாருக்கோ செய்தபோது நியாயமாக இருந்தது. சொந்த வீடு என்றதும் திருட்டு மாதிரி இருந்தது. விரல் பொத்தான்மேல்தான் இருந்தது. கை வரவில்லை.

உன்னிடம் பொய் சொன்னேன். வித்தியாசமில்லை என்று நீ எழுத வேண்டும் என்று இருந்தது. எழுதினாய். ஏழு வாரம் நன்றாக இருந்தேன்.

ரிப்போர்ட்டில் உண்மையைப் போடு.

தம்பி

ஆகஸ்ட் 21

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம் என்று எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது.

காலை ஷிப்டை முழுக்க விட்டுவிட்டுக் கணக்குப் போட்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் நூற்றுக்கு ஐந்து பேர் கூடுதலாகப் பிழைக்கிறார்கள். இதை மறைத்து எழுத முடியவில்லை. ஐந்து என்பது ஐந்துதான். அவர்களில் சிட்டு இருந்திருப்பாளா என்று யாராலும் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது.

அறிக்கையில் ஒரு ஷிப்டை ஏன் விட்டேன் என்று காரணம் எழுதியாக வேண்டும். உன் பெயர் இருக்காது. ஆனால் உங்கள் அறையில் படிக்கிறவர்களுக்கு யாரென்று தெரிந்துவிடும். வேலைக்கு ஆபத்து வரலாம். இதைச் செய்கிறவள் உன் அக்கா.

சிட்டு போன அந்த நாளின் பக்கத்தை நான் திறக்கவில்லை. திறக்கவும் மாட்டேன்.

உன் அக்கா

செப்டம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

இன்றோடு ஒரு வருடம். வாலுவுக்குச் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்திருக்கிறது. பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்றாள், சரி என்றேன்.

மேற்பார்வையாளரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். "நல்லதுக்குத்தானேய்யா பண்ணினே, ஆனா இதை நான் மேல எப்படிச் சொல்வேன்?" என்றார். விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அது பரவாயில்லை.

அறுநூற்று நாற்பதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன் என்று ஜூனில் எழுதினாய். அப்படியானால் அந்த நாளையும் பார்த்திருப்பாய். ஆகஸ்டில் பார்க்கவில்லை என்கிறாய். உனக்குப் பொய் எழுதத் தெரியவில்லை, அக்கா.

அன்றைய பதினெட்டாம் எண் சோதனை அழைப்பு. நான் போட்டதுதான். பத்து ஐம்பதுக்கு ஒரு ஆள், தானே பேசினார், நெஞ்சு அடைக்கிறது என்றார். தணிந்த குரல். நிறுத்தி நிறுத்திப் பேசினார். பதினெட்டை எரித்தேன். அவருக்குப் பத்தொன்பது விழுந்தது, பெரிய ஆஸ்பத்திரி. அடுத்து விழுந்தது இருபது. அது சிட்டு. நான் சும்மா இருந்திருந்தால் அவர் பதினெட்டு, அவள் பத்தொன்பது. ஒவ்வொரு முறை எரித்தபோதும் அடுத்து வருகிற யாரோ ஒருவருக்கு முறை மாறுகிறது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. அறுநூற்று நாற்பது தடவை யோசிக்கவில்லை.

இது எனக்கு முகவரியைத் தட்டிய அந்த நிமிடமே தெரியும். நீ கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு உதவி செய். நாங்கள் அனுப்புவதோடு சரி, ஆள் என்ன ஆனார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உன்னிடம் ஆஸ்பத்திரிப் பதிவும் இருக்கிறது. பத்தொன்பதாம் ஆள் என்ன ஆனார்? இருக்கிறாரா? அவர் இருந்தால் போதும், அக்கா. நான் எப்படியாவது இருந்துவிடுவேன்.

தம்பி

செப்டம்பர் 11

என் தம்பிக்கு,

வாலுவை நான் கேட்டதாகச் சொல். எனக்கு ஜுரம் வந்து போனது, இப்போது சரியாகிவிட்டது.

ஆம், ஜூனிலேயே பார்த்துவிட்டேன். பார்த்ததிலிருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை. உனக்குத் தெரியாது, தெரியவே வேண்டாம் என்று நினைத்துத்தான் மறைத்தேன்.

எந்தத் தனி ஆளின் வரியையும் வெளியில் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத்தான் இந்த வேலையில் இருக்கிறேன். பதினெட்டு வருடத்தில் சொன்னதில்லை. இப்போது சொல்லப்போகிறேன். அதற்கு முன் ஒன்று கேள். உன் காது பொய்யாக இருந்திருந்தால் என் கணக்கு கெட்டிருக்காது. நீ கண்ணை மூடிக்கொண்டு யார் யாரையோ அனுப்பியிருந்தால், காலை ஷிப்டும் மற்ற இரண்டைப் போலத்தான் இருந்திருக்கும். நீ மோசமான ஆட்களாகவே பார்த்துப் பார்த்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதால்தான் அங்கே சாவு அதிகமாகத் தெரிந்தது. என் கருவி எவ்வளவு கெட்டுப்போனதோ, உன் காது அவ்வளவு சரி. இது ஆறுதல் இல்லை, கணக்கு.

இனி நீ கேட்டது. அவர் பிழைத்துவிட்டார், எண்பது வயதுவரை இருப்பார் என்று எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். பாதிக் கடிதம் அப்படி எழுதிக் கிழித்தும் போட்டேன். எனக்குப் பொய் எழுதத் தெரியாது என்று நீயே சொல்லிவிட்டாய்.

அவர் இருக்கிறார். ஆனால் அவர் சாகக் கிடந்தவர் இல்லை, தம்பி. இதயத்தில் ஒன்றும் இல்லை, வாயுத் தொல்லை என்று எழுதி அன்று சாயங்காலம் நாலு மணிக்கே அனுப்பிவிட்டார்கள். நடந்தே வெளியே போயிருக்கிறார். அவர் தணிந்த குரலில் பேசியது பயத்தில்.

சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். பத்து மணிக்குள் வந்துவிடுவேன், வாலுவை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ எதுவும் பேச வேண்டாம். கதவை மட்டும் திற.

அக்கா